வலைத்தளம் எதற்கு? யோசனை சொல்லுங்கள்

மதுரையில் எங்கள் குடும்பம் கைமுடிச்சுச் சுங்குடிச் சேலை செய்து விற்கிறது. வலைத்தளம் அமைக்கலாம் என்று உட்கார்ந்தோம். எதற்கு என்பதிலேயே சண்டை. தம்பிக்கு விற்பனைதான் வேண்டும். வாட்ஸப்பில் வரும் ஆர்டருக்கே சேலை போதவில்லை என்பதை அவன் மறந்துவிடுகிறான்!

அம்மா துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிறார். சாயம் தோய்த்து அவிழ்த்தால்தான் புள்ளி தெரியும். அதைக் காட்டினாலே அச்சுச் சுங்குடியைவிட இது ஏன் விலை அதிகம் என்று வாங்குபவருக்குப் புரியும் என்பது என் கட்சி. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் இன்னும் பேரம்தான்.

வடிவமைப்பவர், "நோக்கத்தை ஒரே வரியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டு இரண்டு வாரமாகிறது. கைத்தொழில் பொருளுக்குத் தளம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்: முதலில் கடையா, விளக்கமா? பணம் செலுத்தும் வசதியைப் பிறகு சேர்த்தால் செலவு கூடுமா?