மறு: கம்பேரிட்டிவ், சூப்பர்லேட்டிவ் – தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாஸிட்டிவ், கம்பேரிட்டிவ், சூப்பர்லேட்டிவ் (பிக், பிக்கர், பிக்கஸ்ட் போல) என்ற மூன்று டிகிரிக்கும் முறையே இயல்பு நிலை, ஒப்பு நிலை, உச்ச நிலை என்று போட்டிருக்கிறேன். நடுவில் உள்ளதுதான் உறுத்துகிறது. 'ஆஸ் பிக் ஆஸ்' வருவது பாஸிட்டிவ். "ரெண்டும் சமம்னுதானே சொல்லுது, அப்போ இதுதானே ஒப்பு?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். 'பிக்கர் தேன்' வரும் இடத்திலோ ஒப்பே இல்லை. வேறு சொல் உண்டா?
– செ.

*

அம்மா, பிள்ளைகள் கேட்டது நியாயம். ஐந்தாம் வேற்றுமைக்கு ('இன்' உருபு) உரை எழுதியவர்களே பொருவை, அதாவது ஒப்பிடுவதை, உவமப்பொரு (அதுபோல), உறழ்பொரு (அதைவிட) என்று பிரித்திருக்கிறார்கள். 'காக்கையிற் கரிது களம்பழம்' (களாப்பழம்) – காக்கை போலக் கறுப்பா, காக்கையைவிடக் கறுப்பா? இரண்டுக்கும் இடமுண்டு. குறுந்தொகைத் தலைவி 'நிலத்தினும் பெரிதே' என்று ஓர் உம்மை சேர்த்தாள், ஐயம் தீர்ந்தது. ஆகவே கம்பேரிட்டிவ் உறழ்நிலை. சூப்பர்லேட்டிவ் தலைநிலை, 'செல்வத்து ளெல்லாம் தலை' என்று வள்ளுவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.
– க.

*

உறழ்நிலையை எட்டாம் வகுப்பு உறைநிலை என்று படித்துவிட்டு அறிவியல் புத்தகத்தைத் தேடும். என் யோசனை 'தரம்'. உத்தரம், உத்தமம் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: உத்+தர, உத்+தம. வடமொழியில் முன்னது கம்பேரிட்டிவ் விகுதி, பின்னது சூப்பர்லேட்டிவ். கிரேக்க விகுதி 'டெரோஸ்' இந்த 'தர' விகுதியின் உடன்பிறப்பு. ஆங்கில 'அதர்' என்ற சொல்லின் வாலிலும் அதுவே இருக்கிறது. (பிக்கரில் உள்ள 'அர்' வேறு குடும்பம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.) இலங்கையில் வகுப்பையே தரம் 8 என்கிறார்கள். மிகுதரம், உச்சதரம் என்று வைத்தால் என்ன?
– ம.

*

விகுதியான தர வேறு, தகுதியைச் சொல்லும் தரம் வேறு. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். வீட்டுக்குள் உறழ்வு இருக்கும்போது கிரேக்கம் வரை எதற்குப் போக வேண்டும்?
– க.

*

தரம் 8 பேச்சு வந்ததால் இலங்கையிலிருந்து ஒரு குரல். 'மிகு' வேண்டாம். 'லெஸ் டிஃபிகல்ட்' என்பதும் கம்பேரிட்டிவ்தான், அங்கே எது மிகுகிறது?

அப்புறம், பெயர் எதுவானாலும் பிழை நடக்கிற இடம் வேறு. தமிழில் 'பெரிய' என்பது எந்த டிகிரிக்கும் உருமாறாது. 'வகுப்பில் எல்லோரையும்விடப் பெரியவன்' என்றால் சூப்பர்லேட்டிவ் முடிந்தது. அதை அப்படியே கொண்டுபோய் 'பிக்கர் தேன் ஆல்' என்று எழுதுகிறார்கள். அவனும் அதே வகுப்புப் பையன்தான், தன்னைவிடத் தானே எப்படிப் பெரியவன் ஆவான்? 'எனி அதர் பாய்' என்று வந்தால்தான் அவன் விலகி நிற்பான். 'இன்னும் பெரிய' மனதில் ஓடுவதால் 'மோர் பிக்கர்' என்று இரட்டிப்பாக வருகிறது. ஷேக்ஸ்பியர் ஜூலியஸ் சீசரில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதினார். அந்தக் காலத்தில் அது செல்லும், பரீட்சையில் செல்லாது. 'சீனியர்', 'சுப்பீரியர்' இரண்டுக்கும் பின்னால் 'தேன்' வராது, 'டு'தான் வரும் என்பதையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் பக்கம் பேச்சில் "அவனிலும் பெரியவன்" என்றே சொல்வோம், க. ஐயாவின் குறுந்தொகை உருபுக்கு இது கிட்டத்தான்.
– ந.

*

அச்சகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'ஒப்பீட்டு நிலை'க்குத்தான் ஆள் அதிகம். ஒப்பு என்றால் சமம் என்று தோன்றும், ஒப்பீடு என்றால் அவ்வளவு தோன்றாது என்பது அவர்கள் வாதம். உச்ச நிலை அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போடுகிறேன். ந. சொன்ன பிழைகள் தனிப் பக்கமாக வருகின்றன. எல்லோருக்கும் நன்றி.
– செ.

*

'ஆஸ் பிக் ஆஸ்' என்பதும் ஒப்பீடுதான் அம்மா. பிள்ளைகள் நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்பார்கள். 'லீஸ்ட்' (மிகக் குறைவு) என்பதும் சூப்பர்லேட்டிவ்தான், அது எப்படி உச்சத்தில் ஏறியது என்பதற்கும் பதில் இல்லை. அடுத்த பதிப்பு எப்போது?
– க.