பாடத்துக்கு ஒரு பக்கம்: நூலகத்தில் இணையக் கருவிகள், எங்கள் அனுபவங்கள்

பள்ளி நூலகர்

'பயனுள்ள இணையதளங்கள்' என்று ஒரு நீண்ட பட்டியலை அச்சிட்டு நூலகச் சுவரில் ஒட்டி வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். அதன் முன் நின்று படிக்கும் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. எந்தப் பாடத்துக்கு, எந்தக் கேள்விக்கு என்று தெரியாத இணைப்பை யார் திறப்பார்கள்? அதனால் நான் பட்டியல் போடுவதில்லை. ஒரு பாடம் தொடங்கும் முன் ஆசிரியர் என்னோடு வந்து உட்காருவார். அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒரு பக்கம் தயார் செய்வோம். நாலைந்து இணைப்புகள், கூடவே எங்கள் அடுக்கில் இருக்கும் புத்தகங்களின் பெயரும் எண்ணும். அவ்வளவுதான்.

எரிமலைப் பாடத்துக்குச் செய்ததைச் சொல்கிறேன். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூயி வகைப்பாட்டில் எரிமலைக்கு 551.21. அந்த எண்ணில் இருந்த புத்தகங்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்தேன். பக்கத்துக் கணினியில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் எரிமலைத் தளம். எந்தெந்த எரிமலைகள் இப்போது சீறிக்கொண்டிருக்கின்றன என்று அதில் வாராவாரம் அறிக்கை வரும். என்றோ நடந்து முடிந்த கதை என்று நினைத்திருந்தது இந்த வாரமும் நடக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பே கணினியைச் சூழ்ந்துகொண்டது.

அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு மாணவி மட்டும் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். 1883 ஆகஸ்ட் 27 அன்று அந்த எரிமலை வெடித்த சத்தம் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரோட்ரிகஸ் தீவில் கேட்டது என்று புத்தகத்தில் இருந்தது. "இது நிஜமா டீச்சர்?" என்றாள். நான் ஆம், இல்லை எதுவும் சொல்லாமல் கூகுள் எர்த்தைத் திறந்து, தூரம் அளக்கும் கருவியைக் காட்டினேன். ரோட்ரிகஸைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. மொரீஷியஸுக்குக் கிழக்கே கடுகளவு தெரிகிற தீவு அது. கிரகட்டோவா இருக்கும் சுந்தா நீரிணையிலிருந்து அதுவரை கோடு இழுத்தாள். திரையில் ஏறக்குறைய அதே தூரம் வந்தது. எட்டிப் பார்த்த ஒரு பையன், "அப்போ சத்தம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்றான். நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். கிட்டத்தட்ட நாலு மணி நேரம். தீவின் காவல் அதிகாரி தூரத்துப் பீரங்கி முழக்கம் போல ஒரு சத்தத்தைக் குறித்து வைத்ததும் வெடித்து ஏறத்தாழ நாலு மணி நேரம் கழித்துத்தான். புவியியல் ஆசிரியர் மறுநாள் பாடத்தை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கினார்.

புத்தகமும் கருவியும் அந்தப் பாடவேளையில் ஒரே மேசையில் இருந்ததால்தான் இது நடந்தது. நானும் ஆசிரியரும் முன்கூட்டியே பேசியிருக்காவிட்டால் புத்தகம் அடுக்கிலேயே கிடந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பயிற்சிக் கேள்வியைக் கேள்விக்குறி உட்பட அப்படியே தேடுபெட்டியில் தட்டி, முதலில் வருவதை எழுதிக்கொள்கிறார்கள். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கேள்வியே இல்லாமல் போகும்?" என்று கேட்பேன். யோசிப்பார்கள், ஒவ்வொரு சொல்லாக நீக்கிப் பார்ப்பார்கள், கடைசியில் இரண்டு மூன்று சொற்கள் மிஞ்சும். தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறிவியல் ஆசிரியை

எங்கள் நூலகர் மின்சாரம் பற்றிய புத்தகங்களின் உள்ளட்டையில் க்யூஆர் குறியீடு ஒட்டி வைத்திருக்கிறார். ஸ்கேன் செய்தால், அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் ஃபெட் (PhET) தளத்தின் மின்சுற்றுப் பயிற்சி திறக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றிருந்தார். இலவசம். பல பயிற்சிகள் தமிழிலும் இருக்கின்றன.

பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது அதைத்தான், செய்யட்டும் என்று விட்டுவிடுவேன். ஆய்வகத்தில் அதைச் செய்துபார்க்க விட முடியாதே! பிறகு "ஏன் தீப்பிடித்தது?" என்று கேட்டு, அதே புத்தகத்தில் மின்தடை பற்றிய பகுதியைத் திறக்கச் சொல்வேன். அந்தப் பகுதியை நான் முன்பும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தீயைப் பார்த்த பிறகு படிக்கிற வேகமே வேறு.

மேல்வகுப்பு நூலகர்

என்னிடம் வரும் மாணவர்கள் செயல்திட்டத்துக்கு ஏஐ செயலியிடம் புத்தகப் பட்டியல் வாங்கி வருகிறார்கள். நான் அதைக் குறை சொல்வதில்லை. "ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம் வா" என்று உட்காரவைத்து, முதலில் எங்கள் கேட்லாக், அடுத்து வேர்ல்ட்கேட் என்று தேடச் சொல்வேன். உலகின் ஆயிரக்கணக்கான நூலகங்களின் இருப்பு வேர்ல்ட்கேட்டில் இருக்கிறது. போன தடவை ஒரு மாணவன் கொண்டுவந்த பட்டியலில் ஆசிரியர் பெயர் உண்மை, தலைப்பும் நம்பும்படி இருந்தது. அப்படியொரு புத்தகம்தான் எங்கும் இல்லை. அவன் வேறு எழுத்துக்கூட்டலில் எல்லாம் தேடினான். பிறகு தானாகவே பட்டியல் முழுவதையும் சரிபார்க்கத் தொடங்கினான். நான் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சின்ன வகுப்புகளுக்கு இதே பயிற்சியை மர ஆக்டோபஸ் தளத்தை வைத்துச் செய்கிறேன். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது என்று 1998இல் வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட போலித் தளம் அது. படங்களும் விவரங்களுமாக அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அந்தத் தளத்துக்குள்ளேயே உண்மையைத் தேடாதீர்கள், வெளியே வந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் அன்றைய பாடம். புதுத் தாவலைத் திறந்து தேடிய சில நிமிடங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் பள்ளிகளுக்கு: கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி ஒரு கணினியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இணையம் தேவையில்லை. ஆங்கிலப் பதிப்பு படங்களோடு சுமார் 100 ஜிபி பிடிக்கும். தமிழ்ப் பதிப்பு அதைவிட மிகச் சிறியது, முதலில் அதை இறக்கிப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளிடம் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தின் கதைகளை யாராவது வகுப்போடு சேர்த்துச் செய்திருக்கிறீர்களா? ஒலியோடு வரும் கதைகளை முதலில் கேட்கவைப்பதா, வாசிக்கவைப்பதா என்பதில் எனக்கும் எங்கள் ஆசிரியைக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.