புனித மலையைப் பெயர்த்துக்கொண்டு போகலாமா?

குழு: ஆலங்குடி வீட்டார்

சரோஜா அத்தை: கார்த்தி, உனக்குத் தைவானிலிருந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸுக்கு வேலை மாற்றலாமே? உன் அம்மா சொன்னாள். யோசிக்காமல் கிளம்பு. சீனாக்காரன் எப்போது தைவானுக்குள் வருவானோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கார்த்தி: இன்னும் முடிவாகவில்லை அத்தை. இயந்திரம் நிறுவுகிற வேலை, இரண்டு வருடம்தான்.

பெரியப்பா: போய்விட்டு வாடா. அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன். 16,500 கோடி டாலர் போடுகிறேன் என்று தைவானின் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி வாயாலேயே சொல்ல வைத்து, ஆலையைத் தன் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டான். இனி தைவானுக்கு என்ன ஆனால் அவனுக்கென்ன?

கார்த்தி: அங்கேதான் இடிக்கிறது பெரியப்பா. ஃபீனிக்ஸ் இருக்கிற அரிசோனாவில் 2024 கடைசியிலிருந்தே 4 நானோமீட்டர் சிப் வருகிறது. ஆனால் ஏஐ சிப்புக்கு வேஃபர், அதாவது சிப் பொறித்த சிலிக்கன் தகடு, மட்டும் போதாது. மெமரியோடு சேர்த்து அடுக்கிக் கட்ட வேண்டும், அதுதான் பேக்கேஜிங். அதற்காக அந்த வேஃபர் விமானம் ஏறித் தைவானுக்குத்தான் வருகிறது.

நித்யா: அங்கே நெல் அறுத்து, அரைக்க இங்கே கொண்டுவருகிற கதை 😀

கார்த்தி: அதேதான். ஆம்கோர் நிறுவனம் அங்கேயே பேக்கேஜிங் ஆலை கட்டுகிறது. எழும்ப இன்னும் சில வருடமாகும்.

மாமா: 🌞 காலை வணக்கம். இன்றைய நாள் இனிய நாள் 🌹

நித்யா: மாமா, மணி மாலை ஆறு.

பெரியப்பா: தைவான்காரர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள்?

கார்த்தி: எல்லோரும் சம்மதித்தார்கள் என்று யார் சொன்னது? இங்கே டிஎஸ்எம்சியை 'நாட்டைக் காக்கும் புனித மலை' என்பார்கள். சிப் இங்கே இருக்கும்வரைதான் உலகம் தங்களுக்காகக் கவலைப்படும் என்ற எண்ணம். மலையைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டால் ஆபத்துக்கு யார் வருவார்கள் என்று எதிர்க்கட்சி கேட்கிறது. புதிய தொழில்நுட்பம் முதலில் உள்ளூரில்தான் என்கிறது அரசு. 4-ஐவிடப் புதிய 2 நானோமீட்டரை இங்கே சிஞ்சூவிலும் காவ்சியுங்கிலும்தான் தொடங்கினார்கள்.

சரோஜா அத்தை: மலை எங்கேயோ இருக்கட்டும். நீ பத்திரமாக இருந்தால் போதும்.

நித்யா: அத்தை, வெளிநாட்டில் ஆலை என்றாலே பத்திரம் இல்லை. நான் ஜெர்மனியில் கார் உதிரிபாகம் வாங்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன். நெக்ஸ்பீரியா நெதர்லாந்தின் சிப் கம்பெனி, முதலாளி சீனாவின் விங்டெக். வேஃபர் இங்கே ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், பேக்கேஜிங் பெரும்பாலும் சீனாவின் தோங்குவானில். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி டச்சு அரசு 1952-ஆம் வருடச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கம்பெனியின் பிடியைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நாலே நாளில் சீனா தோங்குவானிலிருந்து ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஏஐ சிப் எல்லாம் இல்லை, சில காசு பெறும் டயோடும் டிரான்சிஸ்டரும்தான். அது இல்லாமல் ஹோண்டாவின் மெக்சிகோ ஆலை நின்றது. நவம்பர் 19-இல் டச்சு அரசு உத்தரவை நிறுத்திவைத்தது.

பெரியப்பா: சில காசு சாமானா காரை நிறுத்தியது!

கார்த்தி: சாம்சங்கைப் பாருங்கள். சீனாவின் சியானில் 2014-லிருந்து மெமரி ஆலை நடத்துகிறது. 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்தரச் சிப் செய்யும் இயந்திரம் போகக்கூடாது என்று அமெரிக்கா சொன்னது. கொரியக் கம்பெனிதான், ஆனாலும் இயந்திரம் வாங்க வாஷிங்டனைக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு வருடம் விலக்கு, பிறகு காலவரையற்ற விலக்கு, 2025 ஆகஸ்டில் அதுவும் ரத்து. கட்டின ஆலையைச் சுருட்டிக்கொண்டு வர முடியுமா?

பெரியப்பா: மாமியார் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை கதைதான். இரண்டு பக்கமும் முகம் கோணாமல் பார்க்கணும்.

மாமா: இதில் என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

சரோஜா அத்தை: போதும் உங்கள் அரட்டை. கார்த்தி, போகிறாயா இல்லையா?

கார்த்தி: வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும் அத்தை. ஃபீனிக்ஸில் கோடையில் 45 டிகிரியைத் தாண்டுமாம்.

சரோஜா அத்தை: வேலூரில் மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தவன்தானே நீ. மோர் குடித்துக்கொண்டு இரு.