பழைய கெம்புக்கல் நடன நகையைச் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: அம்மா அரங்கேற்றத்தில் அணிந்த கெம்புக்கல் நெற்றிச்சுட்டியை மகளுக்காக எடுத்தபோது, கற்களின் ஓரங்களில் முகப்பூச்சும் வியர்வையும் இறுகிக் கிடப்பதைக் கண்டேன். சோப்பு நீரில் ஊறவைக்கலாமா?

பதில் 1: தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். இத்தகைய கண்ணாடிக் கற்களின் அடியில் பெரும்பாலும் ஒளியைத் திருப்பும் மெல்லிய தகடு இருக்கும். நீர் இறங்கினால் அது கருத்துவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு திரும்பாது. என் அக்காவின் ராக்கொடியில் இரண்டு கற்கள் இப்படித்தான் மங்கின. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிய பின், நகையைக் கவிழ்த்துப் பிடித்து, நனைத்து நன்கு பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, உடனே பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள்.

பதில் 2: கற்கள் அரக்கில் பதிக்கப்பட்டிருந்தால் வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உலர்த்தாதீர்கள், அரக்கு இளகிக் கல் நகர்ந்துவிடும். புளி, எலுமிச்சை, பற்பசை ஆகியவை முலாமைக் கெடுக்கும்.