அம்மம்மாவின் ஒற்றைத் தலையிடி எனக்கும் வந்தது

நல்லூரிலிருந்து:
எனக்கு 13 வயதில் தொடங்கியது. மணம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பக்கத்து வளவில் மிளகாய் வறுத்தால் போதும், கண்ணுக்குள் வெளிச்சக் கோடு வளைந்து வளைந்து ஓடும். அரை மணித்தியாலத்தில் இடப்பக்கம் பிளக்கும். சத்தி எடுத்து, யன்னலைச் சாத்திப் படுத்தால்தான் அடங்கும். அம்மாவுக்கும் இதேதான். அம்மம்மாவுக்கும் இதேதான், ஆனால் அவவை ஊர் "வேலைக் கள்ளி" என்றது. அதை நினைக்க இன்றும் மனம் எரிகிறது.

இவ்வளவு வருத்துகிற ஒன்று தலைமுறை தலைமுறையாக அழியாமல் வருவது ஏன் என்று தேடி வாசித்தேன். 2018இல் வந்த ஓர் ஆய்வு, நரம்புகளில் குளிரை உணரும் உணரியை உருவாக்கும் டிஆர்பிஎம்8 என்ற மரபணுவைப் பற்றியது. அதன் அருகிலுள்ள ஒரு சிறு மாற்றம் நைஜீரிய வம்சாவளியினரிடம் 5 சதவீதம், பின்லாந்துக்காரரிடம் 88 சதவீதம். ஆபிரிக்காவை விட்டு வடக்கே போனவர்களுக்குக் குளிரோடு வாழ அது உதவியிருக்கலாம் என்கிறார்கள். அதே மாற்றம்தான் ஒற்றைத் தலையிடிக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. தைலத்தில் இருக்கும் மெந்தோல் தூண்டுவதும் இந்த உணரியைத்தான். அம்மா நெற்றியில் தைலம் பூசும்போது சில்லென்று இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று அறிந்தபோது கண் கலங்கிவிட்டது.

கோண்டாவிலிலிருந்து:
அக்கா, எங்கட வெயிலுக்குக் குளிர்க் கதை மட்டும் போதாது. 2022இல் வந்த பெரிய ஆய்வொன்று இந்த நோயோடு தொடர்புள்ள 123 மரபணு இடங்களைக் காட்டியது. உங்கள் மாற்றம் அதில் ஒன்றுதான். இன்னொன்று, தலையிடி ஆளைப் படுக்கப் போடுமே தவிர, பிள்ளை பெறுவதை அனேகமாகத் தடுப்பதில்லை. அதனால் இயற்கைத் தேர்வு அதைப் பெரிதாகக் கழித்துவிடாது.

மணம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குசினியில் காஸ் கசிந்த அன்று வீட்டில் ஐந்து பேர் இருந்தோம், எனக்கு மட்டும்தான் மணத்தது. எதையும் முந்தி உணர்கிற மூளை ஒரு காலத்தில் நெருப்பையும் நஞ்சையும் முந்திக் காட்டியிருக்கும் என்று சிலர் சொல்வதை நான் நம்புகிறேன். நிரூபித்த விஷயம் இல்லை, சரி. ஆனால் அன்று சிலிண்டரை மூடியது நான்.

நல்லூரிலிருந்து:
தம்பி, நேற்று மகள் பள்ளிக்கூடத்தால் வந்து "அம்மா, ரியூப் லைட் கண்ணைக் குத்துது" என்றாள். லைட்டை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, தைலத்தோடு பக்கத்தில் இருந்தேன். வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.