உயிரோடு சிறைபிடிக்கும் வழக்கம்தான் அஸ்டெக் வீரர்களைத் தோற்கடித்ததா?

கேள்வி:
வணக்கம். எதிரியைக் கொல்வதைவிட உயிரோடு பிடித்து வருவதே அஸ்டெக் வீரனுக்குப் பெருமை என்றும், அவன் பிடித்த கைதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அவனது உடையும் பதவியும் உயர்ந்தன என்றும் படித்தேன். மெக்சிகோவில் அவர்களை எதிர்த்துப் படையெடுத்த ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்ட்டெஸ், அவர்கள் கையில் சிக்கியும் தப்பியதற்கு இவ்வழக்கமே காரணம் என்கிறார்கள். அஸ்டெக் பேரரசின் வீழ்ச்சிக்கும் இதையே காரணமாகக் கொள்ளலாமா?

பதில் 1:
கோர்ட்டெஸ் தப்பியது வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம். 1521 ஜூன் 30 அன்று, ஏரி நடுவே இருந்த அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானின் கால்வாய் ஒன்றில் அவரைப் பிடித்து இழுத்துச் சென்றவர்கள், நினைத்திருந்தால் அங்கேயே கொன்றிருக்க முடியும். அந்தச் சிறு இடைவெளியில் கிறிஸ்டோபல் தே ஒலெயா என்ற படைவீரர் தம் உயிரைக் கொடுத்து அவரை மீட்டார். ஆனால் அவர்கள் கொல்லத் தெரியாதவர்கள் அல்லர். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், நகரைவிட்டு இரவில் தப்பியோடிய ஸ்பானியர்களை ஏரிப் பாதையில் மறித்து நூற்றுக்கணக்கில் கொன்றவர்கள் இதே வீரர்கள்தாம்.

அவர்களுடைய மக்குவாகுயித்தில் என்னும் ஆயுதத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. தட்டையான மரக்கட்டையின் இரு விளிம்புகளிலும் பள்ளம் வெட்டி, எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளை வரிசையாகப் பதித்துப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். சதையை ஆழமாகப் பிளக்கும் அந்தச் சில்லுகள், எஃகில் மோதினால் உடைந்துவிடும். போர் நீள நீள, பீரங்கியின் குறிக்குத் தப்ப வளைந்து வளைந்து ஓடவும், கைப்பற்றிய வாள்களை நீண்ட கழிகளில் கட்டிக் குதிரைகளைக் குத்தவும், ஸ்பானியப் படகுகளைச் சிக்கவைக்க ஏரிக்கு அடியில் கூர்மையான கம்பங்களை நடவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பழைய வழக்கத்திலேயே உறைந்துபோனவர்கள் இப்படிப் போரிட்டிருக்க முடியாது.

பதில் 2:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் முக்கியமான காரணம் அதில் விடுபட்டுள்ளது. 1519 இல் கோர்ட்டெஸுடன் கரையிறங்கியவர்கள் சில நூறு பேர் மட்டுமே. தெனோச்தித்லானை முற்றுகையிட்ட படையில் மிகப் பெரும்பான்மையினர் த்லாஸ்காலா உள்ளிட்ட உள்நாட்டு அரசுகளின் வீரர்கள். அஸ்டெக்குகள் வணிக வழிகளை மறித்ததால் உப்புக்கும் பருத்திக்கும் பல ஆண்டுகள் ஏங்கிய த்லாஸ்காலா மக்களுக்கு இது பழைய பகையின் தொடர்ச்சி. முற்றுகைக்கான 13 கப்பல்களின் பகுதிகளை அங்கே தயாரித்து, மலை கடந்து ஏரிக்கரை நகரான டெஸ்கோகோ வரை தோளில் சுமந்து வந்தவர்களும் உள்நாட்டு மக்களே. இவர்களை விட்டுவிட்டு "ஸ்பானிய வெற்றி" என்று மட்டும் எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

1520 இல் பரவிய பெரியம்மை, அஸ்டெக் மன்னர் மொக்தெசுமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயித்லாவாக்கையும் கொன்றது. அடுத்த ஆண்டு கரையிலிருந்த சபுல்தெபெக் குன்றிலிருந்து வந்த குடிநீர்க் குழாய்ப் பாதை துண்டிக்கப்பட்டபோது, நகர மக்கள் உவர்நீரைக் குடித்து, பல்லிகளையும் தோலையும் தின்று உயிர் தரித்தார்கள். அந்த நிலையிலும் அவர்கள் தெருத்தெருவாகப் போரிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முடிவு நெருங்கியபோதும் அந்த வீரர் மரபு குலையாமல் இருந்ததா?

பதில் 1:
இருந்தது. ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ தே சகாகுன், அஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்டிலில் தொகுத்த பதிவில், தோற்ற மக்களே சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. கடைசி மன்னர் குவாதெமோக், தம் தந்தை அவிட்சோத்தலுக்குரிய கெட்சால் என்ற பறவையின் இறகுகளாலான ஆந்தை வடிவப் போருடையை ஒரு வீரருக்கு அணிவித்து அனுப்பினார். பச்சை இறகுகள் விரிந்து அசைய அவர் வருவதைக் கண்டு எதிரிகள் நடுங்கினார்கள் என்கிறது அப்பதிவு. கூரையொன்றில் ஏறிப் போரிட்ட அவர், பின்னர் அங்கிருந்து குதித்து மறைந்தார். அவரை எவராலும் பிடிக்க முடியவில்லை. எதிரிகளில் மூவர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அதன்பின் சில நாட்களில், 1521 ஆகஸ்ட் 13 அன்று, ஏரியில் படகில் சென்ற குவாதெமோக் பிடிபட்டார்.