‘டே ஹைக்’: தமிழில் ஒரு சொல் வேண்டும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து, ஞாயிறு காலை

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் அக்டோபரில் மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறார்கள். அவள் இவர்களை யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரை ஒட்டியுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் கூட்டிப்போவதாக இருக்கிறாள். பாலைநிலம், செம்பாறை. துளை விழுந்து வாசல்போல் நிற்கும் பாறைகள் மட்டும் 2,000-க்கு மேல். எங்கே நடக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றாள் அக்கா. ஒவ்வொன்றுக்கும் மகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பிடிக்காது.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘டே ஹைக்’. காலையில் கிளம்பி, நடந்து, பார்த்து, இருட்டுவதற்குள் வண்டிக்குத் திரும்பிவிடுவது. இதற்கு என்ன சொல்வது?

மலையேற்றம் என்று எழுதினால் அக்கா போகவே மாட்டாள், அவளுக்கு முட்டிவலி. அங்கே பல வழிகளில் மலையும் இல்லை. நடைப்பயிற்சி என்றால் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டாக்டர் சொல்லி தினமும் காலையில் நாற்பது நிமிடம் அவர் செய்வது அது. நடைப்பயணம் கட்சிக்காரர்களிடம் போய்விட்டது. பாதயாத்திரை என்றால் எங்கள் தெருவில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தப் பூங்காவில் பேலன்ஸ்ட் ராக் என்ற பாறையைச் சுற்றி வரும் அரைக் கிலோமீட்டரும் ‘ஹைக்’தான். டெவில்ஸ் கார்டன் முழுச் சுற்றும் ‘ஹைக்’தான், அது 12.7 கிலோமீட்டர். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தடமே ஒன்பது கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே சொல்லை நம்பி அக்கா தப்பான ஒன்றைத் தேர்ந்துவிடக் கூடாது.

---

ராயபுரத்திலிருந்து, ஞாயிறு மாலை

தங்கைக்கு,

பாலைக்கு நடைச்சொல் இல்லை என்று தமிழச்சி ஒருத்தி கலங்கலாமா? பாலையில் நடப்பதையே ஒரு திணையாக்கிப் பாடியவர்கள் நாம். சுரம், அத்தம், அதர் எல்லாமே அரிய வழிகளின் பெயர்கள். அகன்ற பாறைப்பரப்புக்கு அறை என்று பெயர். வழி பிரியும் இடத்துக்குக் கவலை. இத்தனையையும் பரணில் போட்டுவிட்டுப் புதிதாக எதைத் தேடுகிறோம்?

என் முன்மொழிவு: சுரநடை. ஒரே நாளில் திரும்புவதானால் ஒருநாட் சுரநடை.

வழிகாட்டுவதற்காகக் கல்லை அடுக்கி வைத்திருப்பார்களாமே, ‘கெய்ர்ன்’ என்று, அதற்குப் பதுக்கை. ஆர்ச் என்பதற்கு வளைவு வேண்டாம், தோரணம் இருக்கட்டும். திருமலையில் சக்கரத் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இயற்கையாகவே அமைந்த சிலாதோரணத்தைப் பார்த்திராத வடசென்னைக்காரர் குறைவு. கல்தோரணம் என்றால் உங்கள் அக்காவுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

---

எண்ணூரிலிருந்து, செவ்வாய் இரவு

அக்கா, வாத்தியார் ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். லேட்டுக்கு மன்னிக்கணும். அண்ணன் ட்ரெய்லர் ஓட்டுறார், நேத்து ஹார்பர் கேட்ல ஒரே கியூ. ரெண்டு நடைதான் அடிக்க முடிஞ்சுது. சோறு கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றதுக்குள்ள நாள் போயிடுச்சு.

ஐயா, சுரநடை கேட்க நல்லா இருக்கு. ஆனா எங்க வீட்ல சுரம்னா காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சருக்கு சுரம்னா ஸரிகம. ‘ஒருநாட் சுரநடை’ன்னு போட்டா மாத்திரையோட போகணுமா, தம்புராவோட போகணுமான்னு கேப்பாங்க.

பதுக்கை இன்னும் ஆபத்து. நீங்க வகுப்புல சொன்னதுதான் ஐயா, மறக்கல: வழிப்போக்கனை ஆறலைக் கள்வர் கொன்னுபோட்டா, அந்த உடம்பு மேல கல்லும் தழையும் குவிச்சு மூடுறதுதானே பதுக்கை? ‘பதுக்கையைப் பார்த்துப் பார்த்து நடக்கவும்’னு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தா, ஒவ்வொரு கல் குவியல்லயும் நின்னு கும்பிட்டு, ஒரு கல்லை எடுத்து மேல வெச்சுட்டுப் போவாங்க. அது வேற பிரச்சினை. நம்ம ஆளுங்க திருப்பதி படியேறும்போது வீடு கட்டணும்னு வேண்டிக்கிட்டுக் கல்லு அடுக்குறாங்கல்ல? அங்கே அதைச் செய்யவே கூடாது. வெறும் பாறை மேல கால்தடம் பதியாது. அந்தக் குவியல்தான் வழி. இஷ்டத்துக்கு இன்னொண்ணு அடுக்கினா பின்னால வர்றவன் பள்ளத்துக்குப் போயிடுவான். கல்லடுக்குன்னே எழுதுங்க, ‘தொடாதீங்க’ன்னு பக்கத்துலயே சேர்த்து எழுதுங்க.

தோரணத்துக்கு என் ஓட்டு. வளைவுன்னா நமக்குக் கடல்ல கல்லு கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுதான். நல்ல சொல் அது, யார் வெச்சாங்களோ! அரசாங்கம் வெச்ச பேரு மீனவர் வாயில ஒட்டுறது லேசுப்பட்ட காரியமா?

‘ஃபின்’னு ஒண்ணு வரும், வரிசை வரிசையா ஒல்லியா நிக்குற பாறை. பாடப்புத்தகத்துத் துடுப்பு வேண்டாம், மதில்னு வைங்க. அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா மதில் பொருந்துறது புரியும். அந்த நிலத்துக்கு அடியில ஒரு காலத்துல கடல் ஏறி ஏறி வத்தி உப்பு கெட்டியா படிஞ்சிருக்கு. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் பார்த்தவங்களுக்கு அது ஒண்ணும் அதிசயம் இல்ல, அங்கே கனம்தான் ஜாஸ்தி. மேல பாறை ஏறி அழுத்தினதும் உப்பு பிதுங்கி நகர்ந்துச்சு, மேல இருந்த பாறை நீளநீளமா வெடிச்சுது. வெடிப்பு அகலமாகி, நடுவுல மிஞ்சினது மதில். மதிலோட அடி அரிச்சு ஓட்டை விழுந்தா தோரணம். எந்தப் பக்கத்துலயாவது மூணு அடியாவது திறப்பு இருந்தாத்தான் கணக்குல சேர்ப்பாங்களாம். ஓடுற தண்ணி குடைஞ்சு விழுந்த ஓட்டைன்னா அது தோரணம் இல்ல, பாலம்.

---

வண்ணாரப்பேட்டையிலிருந்து, புதன் காலை

தம்பி, நீ மன்னிப்புக் கேட்ட வரியிலேயே நான் தேடின சொல் இருக்கிறது. “ரெண்டு நடைதான் அடிக்க முடிஞ்சுது.”

தண்ணி லாரி இன்றைக்கு எத்தனை நடை என்கிறோம். “ரேஷன் கடைக்கு ஒரு நடை போய்ட்டு வா” என்கிறோம். போனால் திரும்பி வருவதும் அதற்குள் அடக்கம். திரும்பாவிட்டால் அது நடை ஆகாது. தங்குவது அதில் கிடையாது. காலால் நடக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘டே’யும் வந்துவிட்டது, ‘ஹைக்’கும் வந்துவிட்டது. ‘டெலிகேட் ஆர்ச் ஒரு நடை, 4.8 கிலோமீட்டர்’ என்று எழுதினால் போகவர இரண்டும் சேர்த்துத்தான் என்று அக்கா கேட்காமலே புரிந்துகொள்வாள். நம் ஊர்ப் பலகைகளில் கிலோமீட்டர் எப்போதும் ஒருவழிக்கணக்காக இருப்பதால் இதில் எனக்குப் பெரிய பயம் இருந்தது.

இரவு தங்கிப் போகிற ‘பேக்பேக்கிங்’ வகைக்குத் தங்குநடை. மீன்பிடியில் தங்குகடல் என்கிறார்களே, அதைப் பார்த்துச் சொல்கிறேன். அக்காவுக்கு அது தேவைப்படாது, சொல் கிடைத்ததே என்று எழுதிவைக்கிறேன்.

ஒரு சொல்லில் மட்டும் இன்னும் தடுமாற்றம்: ‘ஸ்லிக்ராக்’. வழுக்குப்பாறை என்று போட்டுவிடலாமா?

---

பெரம்பூரிலிருந்து, புதன் மதியம்

போட்டுவிடாதீர்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தவன் என்பதால் குறுக்கே வருகிறேன்.

அந்தப் பாறை காய்ந்திருக்கும்போது வழுக்காது. உப்புத்தாள்போல் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். பழைய காலத்தில் குதிரைகளின் இரும்பு லாடம் அதில் சறுக்கியதால் வந்த பெயர் என்கிறார்கள். குதிரைக்கு வைத்த பெயரை உங்கள் அக்காவுக்கு ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? நம் மலைகளில் வழுக்குப்பாறை என்று பெயர் இருந்தால் அங்கே உண்மையிலேயே வழுக்கும், ஆட்கள் விழுந்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் அக்காவும் மாமாவும் ஓரமாக மண்ணில் இறங்கி நடப்பார்கள். அங்கே தப்பு அதுதான். மொட்டைப்பாறை என்று எழுதுங்கள். செடியும் மண்ணும் இல்லாத வெறும் பாறை, அவ்வளவுதான். மழையோ பனியோ விழுந்த நாளில் மட்டும் வழுக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

மண்ணில் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே மண்ணின் மேல் கறுப்பாக, மொறுமொறுவென்று ஒரு ஏடு படர்ந்திருக்கும். பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியினமும் பூஞ்சையும் மண்துகளை இழைபோட்டுக் கட்டி வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும், அந்த வறட்டு மண்ணில் செடி பிடிப்பதும் அதனால்தான். ஒரு மிதியில் உடையும், சேர ஆண்டுக்கணக்காகும். என் சொல்: உயிர்ப்பொருக்கு. சோற்றுப்பானையில் அடி ஒட்டினால் பொருக்கு, புண் ஆறும்போது மேலே கட்டுவதும் பொருக்கு. புண்ணின் பொருக்கைக் கிள்ளாதே என்று அம்மா சொல்லாத பிள்ளை உண்டா?

இனி நடைகள். டெலிகேட் ஆர்ச் பெயர் பெற்றது, படத்தில் எல்லாரும் பார்த்தது. போகவர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் 480 அடி. நம் பக்கம் காசிமேடு என்று பெயரில்தான் மேடு இருக்கிறது, கொடுங்கையூர்க் குப்பையை விட்டால் வேறு மேடே கிடையாது. அதனால் 480 அடி என்றால் உறைக்காது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அப்படி இரண்டரைக் கட்டடத்துக்கு மேல் ஏற வேண்டும், படிக்கட்டு இல்லாமல், நிழல் இல்லாமல். கடைசிக் கொஞ்ச தூரம் பாறையின் விலாவில் செதுக்கிய திட்டு வழியாகப் போகும். அதைத் திரும்பும் வரை தோரணம் கண்ணில் படாது. என் அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார். வற்புறுத்தவில்லை. கீழே தனியாக இருக்கும் இன்னொரு வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காட்சிமுனை உண்டு, நூறு கெஜம் நடந்தால் போதும், தூரத்தில் சின்னதாகத் தெரியும். அம்மா அங்கிருந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ பேரு ஏறுறாங்க?” என்றார்.

முட்டிவலிக்காரருக்கு நான் சொல்வது லேண்ட்ஸ்கேப் ஆர்ச். போகவர மூன்று கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை. 306 அடி அகலத்துக்கு ஒல்லியாக நீண்டு நிற்கும் தோரணம். 1991-ல் அதன் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய பட்டை பெயர்ந்து விழுந்தது; அதற்குப் பிறகு கீழே போகும் வழியை மூடிவிட்டார்கள், தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அதே வழியில் இன்னும் தள்ளி இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் இரவோடு இரவாக இடிந்தே போனது. அடுத்து டபுள் ஆர்ச், போகவர ஒரு கிலோமீட்டர்தான், நான் பார்த்ததில் என்னை அசர வைத்தது அதுதான். ஃபயரி ஃபர்னஸ் பக்கம் போக வேண்டாம். மதில்களுக்கு நடுவில் வழி தெரியாத சிக்கல், அனுமதிச் சீட்டு இல்லாமல் விடவும் மாட்டார்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்கு. சிரிக்காதீர்கள். இங்கே வேர்த்தால் சட்டை ஒட்டும், உடனே தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. “எனக்கு வேர்க்கவே இல்லை” என்று மாமா சொன்னால் அதை நம்பாமல் குடிக்க வையுங்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம். அக்டோபர் ஆனாலும் காலை நடையே நல்லது.

---

வண்ணாரப்பேட்டையிலிருந்து, வியாழன் இரவு

பெரம்பூர் அண்ணனுக்கு நன்றி. வழுக்குப்பாறையை அடித்துவிட்டேன், மொட்டைப்பாறை ஏறிவிட்டது. உயிர்ப்பொருக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். பக்கம் இப்படித் தொடங்குகிறது:

“முதல் நாள் இரண்டு நடை. காலையில் லேண்ட்ஸ்கேப் தோரணம்: போகவர மூன்று கிலோமீட்டர், ஏற்றம் கொஞ்சம், நிழலை நம்பாதே. சாப்பிட்டு ஓய்ந்த பிறகு இரட்டைத் தோரணம்: போகவர ஒரு கிலோமீட்டர். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். மொட்டைப்பாறையில் நடக்கலாம், கறுப்பு மண்ணில் கால் வைக்காதே, அது உயிர்ப்பொருக்கு. கல்லடுக்கைத் தொடாதே, வீடு கட்ட வேண்டுதல் இருந்தால் திருவொற்றியூரில் வைத்துக்கொள். இரண்டாம் நாள் டெலிகேட் தோரணம்: மாமாவும் மகளும் விடியலில் ஒரு நடை, நீ காட்சிமுனை.”

போனில் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் அக்காவுக்குக் கோபம். “அவருக்கு ஒரு நடை, எனக்கு மட்டும் முனையா?” என்று வைத்துவிட்டாள். ஆனால் நடை என்றால் என்ன என்று கேட்கவில்லை.

---

ராயபுரத்திலிருந்து, வெள்ளி காலை

தங்கைக்கு,

‘நடை’ சரி. லாரிக்காரர் வாயிலிருந்து வந்தது என்பதால் எனக்கு இன்னும் சரி. பதுக்கையையும் சுரத்தையும் திரும்பப் பெறுகிறேன். எண்ணூர்த் தம்பி பாடம் மறக்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெவில்ஸ் கார்டனில் வழிகள் பிரிகின்றன என்று அறிகிறேன். அந்த இடத்துக்கு ‘கவலை’ என்றே எழுதுங்கள். இரண்டாயிரம் ஆண்டுச் சொல்.

---

வண்ணாரப்பேட்டையிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, “கவலை வந்ததும் இடப்பக்கம் திரும்பு” என்று நான் எழுதினால் அக்கா விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாள். ‘வழி பிரியும் இடம்’ என்று போட்டிருக்கிறேன்.